போதும்பொண்ணின் புறவாசல் செடி

வருஷத்தில் நாலு மாதம் தூறலும் மிச்ச எட்டு மாதம் தூறலைப் பற்றிய பேச்சுமாகக் கழிகிற கீழ்ச்சாரல் என்னும் மலையடிவாரத்து ஊரில், கிளைத் தபால் நிலையத்தை நடத்திக்கொண்டிருந்த போதும்பொண்ணுக்கு நாற்பத்தாறு வயது முடிந்த ஆனி மாதம், அவள் வீட்டுப் புறவாசலில், இரண்டு பலாவும் ஒரு நாவலும் தோளோடு தோள் சேர்ந்து வெயிலை உள்ளே விடமாட்டோம் என்று நின்ற நிழலில், துளசி வைத்தால் துளசி செத்து, கனகாம்பரம் வைத்தால் கனகாம்பரம் செத்து, கடைசியில் பாசிக்கு மட்டும்தான் இந்த மண் என்று எல்லோரும் கைவிட்டுவிட்ட இடத்தில், யாரையும் கேட்காமல் ஒரு செடி பூத்தது.

செடி என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் இலையே இல்லை. மண்ணைக் கீறிக்கொண்டு ஐந்து பூ மட்டும் தரையோடு தரையாக விரிந்து, ஊதா இதழும் நடுவில் மஞ்சள் நாக்குமாக, ஊரைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டு கிடந்தது. பூ அழுகின பிறகுதான் இலை வந்தது. மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவப்பு. கார்த்திகையில் இலையும் காய்ந்து மண் வெறும் மண்ணாகிவிட, அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். மறு ஆனியில் அதே இடத்தில் ஏழு பூ. அதற்கு அடுத்த ஆனியில் பதினொன்று. விருந்தாளி மாதிரி வந்து, சொந்தக்காரன் மாதிரி தங்கி, சொல்லாமல் போய், மறுபடி வந்து நின்ற அந்தச் செடியின் பேர் என்ன என்று போதும்பொண்ணு யாரிடமும் கேட்கவில்லை. பேர் விஷயத்தில் அவளுக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது.

அதற்குக் காரணம் இருந்தது. ஐந்தாவதும் பெண்தான் என்று மருத்துவச்சி வெளியே வந்து சொன்னபோது வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவளுடைய அப்பா சுடலைமுத்து, சாற்றைத் துப்பிவிட்டு, "போதும்" என்றார். அதையே பேராக எழுதிக்கொண்டார்கள். மேலே இருந்த நாலு அக்காமாருக்கும் லட்சுமி என்று முடிகிற பேர்கள். அவளுக்குப் பிறகு வீட்டில் குழந்தையே பிறக்கவில்லை என்பதில், பேர் வேலை செய்துவிட்டது என்று சுடலைமுத்துவுக்குக் கடைசிவரை பெருமைதான். அந்தப் பேரைத்தான் அவள் இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ரசீதிலும் கையெழுத்தாகப் போட்டாள், அந்தப் பேர்தான் தபால் நிலையத்துப் பலகையில் இருந்தது, சோதனைக்கு வருகிற ஒவ்வொரு அதிகாரியும் அந்தப் பேரைப் படித்துவிட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "எத்தனாவது பொண்ணும்மா நீங்க?" என்று கேட்டார்கள்.

மூன்றாவது ஆனியில், எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த சிவனணைஞ்சாள், எப்போதும்போல பதினோரு மணி டீயை எடுத்துக்கொண்டு வந்தவள், போதும்பொண்ணு தபால் நிலையமாக இருந்த முன்னறையில் இல்லாததால் நேரே புறவாசலுக்கு வந்து, பதினொரு பூவையும் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, இது கோழிக்கொண்டைல்லா?"

"கோழிக்கொண்டை இப்படியா இருக்கும்?"

"எங்க மாமியா வீட்டுல வேலிக்கு வேலி கெடக்கும். எனக்குத் தெரியாதா? கோழிக்கொண்டையேதான். நான் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் தெருவைத் தாண்டினாள். தாண்டி முடிக்கவில்லை, கடைக்குள்ளிருந்து அவள் புருஷன், "ஏய் கோழிக்கொண்டை, பால் பொங்குது பாரு" என்றான். அவள் நின்று, "என்ன சொன்னீக?" என்றாள். அவன் இன்னொரு தடவை அவள் பேரைச் சொல்ல வாயைத் திறந்தான், இன்னொரு தடவையும் கோழிக்கொண்டைதான் வந்தது. கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "பாலை இறக்கு முதல்ல" என்றான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிட்டது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. பழைய பேர் எல்லோருக்கும் ஞாபகமும் இருந்தது. ஆனால் சொல்லப்போனால் நாக்கு வழுக்கிக்கொண்டு போய் கோழிக்கொண்டையில்தான் விழுந்தது, எழுதப்போனால் பேனாவும் அப்படியே. மாதக் கடைசியில் ரேஷன் அட்டையை எடுத்துப் பார்த்தபோது அதிலும் குடும்பத் தலைவரின் மனைவி கோழிக்கொண்டை என்று, அரசாங்க முத்திரையோடு, சுத்தமாக அச்சாகியிருந்தது.

ஊர் அதிர்ச்சியடையவில்லை. சாரல் பிந்தினால்கூட இதைவிட அதிகமாகக் கவலைப்பட்டிருப்பார்கள். டீக்கடைக்காரி மட்டும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள், "சிவனணைஞ்சாள்னு இந்தத் தெருவுலயே ஆறு பேரு இருக்கோம். கோழிக்கொண்டைன்னா நான் ஒருத்திதான்" என்று சொல்லிக் கடைப் பலகையிலும் அதையே எழுதிவிட்டாள்.

தாவரவியல் பேராசிரியருக்கு ஆள் விட்டது அதற்குப் பிறகுதான். ஞானசிகாமணி வெளியூர்க் கல்லூரியில் முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தி ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவர். சாம்பாரில் மிதக்கிற தழைக்குக்கூட லத்தீன் பேர் சொல்லாமல் சாப்பிடமாட்டார். பூதக்கண்ணாடியோடு வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார், இலை இன்னும் வராததால் பூவைக் கவிழ்த்துப் பார்த்தார், மண்ணை விரலால் கிளறிக் கிழங்கைத் தடவினார், எழுந்தார்.

"சந்தேகமே இல்லை. காட்டுச்சேனை."

"சேனையில இப்படி ஊதாப் பூ வருமா சார்?" என்று போதும்பொண்ணு கேட்டாள்.

"அம்மா, நீங்க தபாலைப் பாருங்க, நான் செடியைப் பார்க்கிறேன்."

பேராசிரியரின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அன்று வாசலில் நனைந்துகொண்டு வந்து நின்றவரைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேர் சொல்லி, "குடையை எங்க விட்டீங்க காட்டுச்சேனை?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் கேட்டில் பித்தளைப் பலகை மாறியிருந்தது, புத்தக அலமாரியில் அவர் எழுதிய பாடநூல்களின் முதுகு மாறியிருந்தது, நாற்பத்தொரு ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் காட்டுச்சேனை என்கிறவரே எழுதியிருந்தார். பட்டங்கள் மட்டும் அப்படியே பேருக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

பிறகு கூட்டம் வந்தது. கூட்டம் வந்தால் அதை விசாரிக்கப் பஞ்சாயத்துத் தலைவர் அருணாசலபாண்டியன் வரவேண்டியதாயிற்று. அவருக்கு அன்றைக்கு வேறு மூன்று இடத்தில் ரிப்பன் வெட்ட வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்தார், "என்ன எழவோ ஒண்ணு, இதுக்கா இம்புட்டுக் கூட்டம்?" என்றார், போய்விட்டார். முதல் ரிப்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில், "அடுத்து நமது அன்புக்கும் மரியாதைக்கும் உரிய எழவு அவர்கள் கடையைத் திறந்துவைப்பார்கள்" என்று அறிவித்தார்கள். கைதட்டினார்கள். அவரும் திறந்துவைத்தார். அடுத்த முகூர்த்தத்தில் மண்டப வாசலில் நின்றவன், "எழவு வந்தாச்சு" என்று உள்ளே சேதி சொல்ல, பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் எழுந்து தலைவருக்குச் சந்தனம் கொடுத்தார்.

அருவியில் குளிக்க வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி, செடியைப் படம் எடுத்தால் பேர் சொல்லும் வசதி தன் போனில் இருப்பதாகச் சொல்லிப் படம் எடுத்தாள். போன் யோசித்து, முட்டைக்கோஸ் என்றது. அதன் பிறகு அவள் யாரைக் கூப்பிட்டாலும் எதிர்முனையில் முட்டைக்கோஸ் அழைக்கிறது என்றே காட்டியதாகக் கேள்வி. இந்தச் செய்தி பரவியதும், பேர் பிடிக்காதவர்கள் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள். பிச்சை, மண்ணாங்கட்டி, குப்பம்மாள், அமாவாசை, இன்னும் என்னென்னவோ. வரிசையில் நின்று, செடிக்கு முன்னால் குனிந்து, ரோஜா என்றும் தாமரை என்றும் செம்பருத்தி என்றும் வாய் மணக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இது ரோஜா இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்ததும், அவர்களுக்குத் தெரிந்திருந்தது செடிக்குத் தெரிந்திருந்ததும்தான் காரணம். உள்ளே சந்தேகம் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் சொல்கிறவனுக்கு மட்டுமே அது பேர் கொடுத்தது.

வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த போதும்பொண்ணு, அவர்கள் தோற்றுப்போய்த் திரும்புவதை ஒரு மாதம் பார்த்தாள். பிறகு ஒரு காலையில், தபால் பை வருவதற்கு முன்னால், கதவைச் சாத்திவிட்டுப் புறவாசலுக்குப் போனாள். தலை வாரி, பொட்டு வைத்து, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்காருவதுபோல உட்கார்ந்தாள்.

"நித்தியகல்யாணி" என்றாள்.

இலைவிட ஆரம்பித்திருந்த செடி சும்மா நின்றது. அவளுக்கே சிரிப்பு வந்தது. "பவளமல்லி" என்றாள். அடுத்ததாக, சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பேரைச் சொன்னாள். அது பூவின் பேர்கூட இல்லை. கன்னத்தில் கை வைத்து அரை மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போய் ஆபீஸைத் திறந்தாள். தபால் பையைச் சுமந்து வந்த ஓட்டக்காரர், "போதும்பொண்ணு அக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். முத்திரையை இரண்டு தடவை குத்திவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஆவணியில் பேராசிரியரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழ் அடிக்க அச்சகத்தில் கொடுத்த தாளில், மனைவி, மகள், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கூடிப் பார்த்துக்கொண்டிருக்க, பேராசிரியர் தன் கையால் தன் பேரை எழுதினார். அது காட்டுச்சேனை என்றே விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய மனசோடு, எங்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை, ஒரே ஒரு சந்தேகம், இது சைவமா என்று கேட்டார்கள். பேராசிரியர் நேரே பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்த் தலைவருக்கு எதிரே உட்கார்ந்தார். காட்டுச்சேனையும் எழவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதில், செடியை வேரோடு பிடுங்குவது என்று முடிவாயிற்று.

தீர்மானத்தை எழுதுவதில்தான் சிக்கல். அகற்ற வேண்டிய பொருள் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. பேர் எழுதினால் எழுதினவனுக்கு வந்துவிடும். இருபது வருஷ அனுபவமுள்ள எழுத்தர், "இதெல்லாம் ஒரு விஷயமா சார்?" என்று சொல்லி, தன் வாழ்நாளில் எதையும் எழுதாத உறுதியோடு, மேற்படி என்று எழுதினார். மறுநாளிலிருந்து அவர் மேற்படி ஆனார். வருகைப் பதிவேட்டில் மேற்படி, மேற்படி, மேற்படி என்று மாதம் முழுக்க அவர் பேர் நிறைந்திருக்க, மேலே இருந்தவருடைய சம்பளமும் சேர்த்துத் தனக்கு வந்துவிடுமோ என்று அவர் கொஞ்ச காலம் நம்பிக்கையாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மண்வெட்டியோடு பஞ்சாயத்துக் கூலிவேலை செய்கிற பேச்சித்தாயும் இன்னொரு பெண்ணும் வந்தார்கள். தலைவர் வந்தார், எழுத்தர் வந்தார், பேராசிரியர் மனைவியோடு வந்தார், கோழிக்கொண்டை கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்தாள், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையில்லாத ஊர் வந்தது. போதும்பொண்ணு பலாவில் சாய்ந்து நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளைக் கேட்டு எதையும் செய்வது அந்த ஊரில் வழக்கமில்லை.

"எதை வெட்டணும்?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"அதை" என்றார் தலைவர், ஜாக்கிரதையாக.

"எதை? இங்கன இஞ்சியும் கெடக்கு, சேம்பும் கெடக்கு. பேரைச் சொல்லுங்க. நாளைக்குத் தப்பா வெட்டிட்டேன்னு என்னைய வையப்பிடாது."

தலைவர் பேராசிரியரைப் பார்த்தார். "சார், நீங்க கடைசியா ஒரு தடவை சரியாப் பாத்துச் சொல்லிருங்க. சரியான பேரைச் சொல்லிட்டா எல்லாம் தீந்துபோகும்லா?"

பேராசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்தார். குந்தவில்லை, சேற்றில் முட்டி போட்டார். இலையின் நரம்பை எண்ணினார், சிவந்த அடிப்பக்கத்தை மோந்தார், கிழங்கின் ஒரு நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தார், பையிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஒரு இடத்தில் நிறுத்தினார், தலையை ஆட்டி மூடினார். தூறல் வந்து, நின்று, மறுபடி வந்தது. ஊர் வேர்க்கடலை வாங்கித் தின்றது. முக்கால் மணி நேரம் கழித்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், செடியைப் பார்த்து அவர் சொன்னார்:

"எனக்குத் தெரியலை."

முப்பத்து நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததாக எந்த மாணவனும் சாட்சி சொல்லமாட்டான். சொன்ன பிறகு அவர் தோள் இரண்டும் பாரம் இறக்கினதுபோலத் தொங்கின. கூட்டத்திலிருந்து அவர் மனைவி குடையோடு வந்தாள்.

"எந்திரிங்க ஞானசிகாமணி, வேட்டியெல்லாம் சேறு" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இன்னொரு தடவை சொன்னாள், அதே பேர்தான் வந்தது. முப்பது வருஷமாகச் சொல்லாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வழி இதுதான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. "நீங்களும் சொல்லிருங்க தலைவரே, ஒரு வார்த்தைதானே" என்று கோழிக்கொண்டை சொன்னாள். தலைவர் கனைத்தார். வேட்டி நுனியைப் பிடித்தார். எனக்கு என்றார், அதோடு நின்றது. மைக் இல்லாமல்கூட முயன்று பார்த்தார். பதினேழு வருஷம் பதவியில் இருந்தவருக்கு அந்த வார்த்தை வரவே மாட்டேன் என்றது. வேர்த்துக்கொட்டியது. வேர்த்த வேகத்தில் கோபம் வந்தது.

"வெட்டுட்டீ அதை" என்றார் பேச்சித்தாயிடம்.

பேச்சித்தாய் மண்வெட்டியை ஓங்கினாள். போதும்பொண்ணு நகர்ந்து வந்து செடிக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் நின்றாள். நின்ற பிறகுதான் தான் நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"தள்ளும்மா" என்றார் தலைவர். "உனக்கே இது என்னன்னு தெரியாது. காய்க்குமா, கறிக்கு ஆகுமா, மருந்துக்கு ஆகுமா? ஆறு மாசம் மண்ணுக்குள்ள தூங்குத செடி. ஊருக்குத்தான் வேண்டாம்னு ஆயிட்டு. இது உனக்கு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். காய்க்காது, கறிக்கு ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். யாரும் கூப்பிடாமல் வந்தது, செத்தது என்று நினைத்தபோதெல்லாம் திரும்பி வந்தது, இந்த இருட்டே போதும் என்று பூத்தது என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

"வேணும்" என்றாள்.

"என்னது?"

"எனக்கு இது வேணும்."

சத்தமாகச் சொல்லவில்லை. பலா இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தைக்குள் சந்தேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒன்று வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. அக்காமார் கல்யாணத்துக்கு எடுத்த சேலையில் மிஞ்சினதைக் கட்டி, மிஞ்சின சோற்றைத் தின்று, யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த இந்த ஊர் வேலையை வாங்கி, அவளும் அப்படியே இருந்துவிட்டாள்.

பேச்சித்தாய் மண்வெட்டியைக் கீழே இறக்கினாள்.

"வேணும்பொண்ணு அக்கா சொன்ன பொறவு நான் வெட்டமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

"ஏய், அவ பேரு..." என்று எழுத்தர் மேற்படி திருத்தப்போனார். "வேணும்பொண்ணு" என்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். இன்னொரு தடவையும் வேணும்பொண்ணுதான். கோழிக்கொண்டை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாதபடி நின்றாள். போதும்பொண்ணாக இருந்தவள் மட்டும் ஒன்றும் புரியாமல், மழை வலுக்கிறதே, எல்லோரும் நனைகிறீர்களே, உள்ளே வாருங்கள் என்றாள்.

பிறகு நடந்தவை சீக்கிரம் சொல்லக்கூடியவை. ஞானசிகாமணி என்ற பேர் போட்டே அழைப்பிதழ் அடித்தார்கள், கல்யாணமும் நடந்தது. எழுத்தர் மேற்படியாகவே இருந்துகொண்டார். தலைவரால் அந்த ஒரு வார்த்தையைக் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அடுத்த தேர்தலில் எழவுக்கு எதிராக நிற்க யாருக்கும் மனசு வராததால் போட்டியின்றி ஜெயித்தார். பேராசிரியர் வாரம் ஒருநாள் வந்து செடியைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் கலைந்த பிறகு, தபால் நிலையத்து போன் அடித்தது. மூத்த அக்கா வீட்டிலிருந்து. அங்கேதான் அப்பா சுடலைமுத்து இருந்தார், எண்பத்தேழு வயது, இரண்டு காதும் மந்தம். வருஷத்துக்கு இரண்டு தடவை அவரே பேசுவார், எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஏட்டி வேணும்" என்றார் அந்தப் பக்கம்.



"வேணும்... வேணும்பொண்ணு." அவர் நிறுத்தினார். எச்சிலை விழுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பார்த்தார். "வே-ணும்." பிறகு பக்கத்தில் இருந்த யாரிடமோ, "இந்தப் புதுப் பல்லுசெட்டு சரியில்ல, என்னமோ வருது" என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு, போனுக்குத் திரும்பினார்.

"சாப்பிட்டியா, வேணும்?"

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"கேக்கலப்பா" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."